வேப்பேரிக் கடனாளி

எங்கள் பல்லடத்துப் பக்கம் ஒருவன் கடனில் மூழ்கிவிட்டான் என்றால், "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள். கோர்ட்டில் திவால் மனுப் போடுவதற்கு ஊர் வைத்த பெயர் அது. பாவு வாங்கி ஓட்டிக் கூலி பெறும் தறிக்காரர் முதல், பேல் பேலாகத் துணி அனுப்பும் முதலாளி வரை இந்த மஞ்சள் நிறத்துக்குப் பயப்படாதவர் கிடையாது. எனக்கு உறவில் மாமன் முறையான ஒருவர் பத்துப் பேர் பணத்தைச் சீட்டில் கட்டி நடத்தி வந்தார்; சீட்டு முறிந்தது. அதற்குப் பிறகு மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் பின்சந்து வழியாகத்தான் போவார். "அம்மன் கேட்டாப் பதில் சொல்லிப் போடுவேன் மாப்ளே, சனம் கேட்டாத்தான் வாய் வரமாட்டேங்குது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெர்மானியப் பாதிரியார் ஞாபகத்துக்கு வருகிறார். யோஹான் பிலிப் பெப்ரீசியஸ் என்று பெயர். 1711-ல் பிறந்து, 1740-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1742-ல் சென்னைக்குப் போனவர். அப்புறம் ஊர் திரும்பவே இல்லை.

தரங்கம்பாடி என்றதும் சீகன்பால்கு நினைவுக்கு வருவது இயற்கை. 1706-ல் வந்த அவரும் சிறையில் இருந்தவர்தான். டேனிஷ்காரர்களின் கோட்டைத் தளபதியோடு மோதி, 1708-ன் கடைசியிலிருந்து நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தார். ஆனால் அந்தச் சிறை அவருக்குப் பெருமை சேர்த்தது. ஊழியத்துக்காக உள்ளே போனவருக்கு வெளியே வரும்போது தலை நிமிர்ந்திருக்கும். பெப்ரீசியஸுக்கு வாய்த்த சிறை வேறு. அது கடன்காரர் சிறை. அதிலிருந்து தலை நிமிர்ந்து வர முடியுமா?

மனிதர் சொகுசுக்காரர் அல்ல. கலியாணம் செய்துகொள்ளவில்லை; எளிமையாக வாழ்ந்தார். அவர் காலத்துச் சென்னையோ அமைதியே அறியாத ஊர். 1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள்; பெப்ரீசியஸ் பழவேற்காட்டுக்கு ஓடினார். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகு வேப்பேரியில் கோயிலும் வீடும் கிடைத்தன. 1758-ல் லாலியின் படை வந்தது, மறுபடியும் ஓட்டம். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் ஒன்றைக் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஆள் கும்பினியாரிடம் இல்லை. எங்கள் வேலையை முதலில் அச்சடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார்கள். யுத்தத்தில் பிடித்த யந்திரம் இப்படிப் பாதிரியார் கைக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய தவம் வேத மொழிபெயர்ப்பு. சீகன்பால்குவும் ஷூல்ட்சேயும் செய்து வைத்திருந்த தமிழ் அவருக்குத் திருப்தி தரவில்லை. தமிழர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாக்கியத்தை வாசித்துக் காட்டி, காதுக்கு ஒட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார். மண்டியிட்டபடியே மொழிபெயர்த்தார் என்று கிறிஸ்தவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. எழுதிப் பிழைக்கிற எனக்கு, மண்டியிட்டதைவிட அந்தக் கேட்டுக் கேட்டுத் திருத்தின பொறுமையே பெரிதாகப் படுகிறது. 1772-ல் புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சாகி வந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழில் பாடும்படி ஆக்கினார்.

இப்படிப்பட்டவர் எப்படிக் கடனாளியானார்?

அன்றைய சென்னையே வட்டியில் மிதந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கும்பினி உத்தியோகஸ்தர்களிடம் கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கடன் விவகாரம் 1785-ல் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க்கின் வாயில் சந்தி சிரித்தது. பாதிரியாரும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார். நம்பிக்கையானவர் என்று பலர் தங்கள் சேமிப்பை அவரிடம் கொடுத்து வைத்தார்கள். அவர் அதை வட்டிக்கு விட்டார். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அவரை அனுப்பிய ஹாலே நகரத்து ஃபிராங்கேயின் அநாதை இல்லமே தெய்வ நம்பிக்கையில் எழும்பியது என்று பேர் வாங்கியது. அதே இல்லம் மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சுக்கூடம் எல்லாம் நடத்தியது. ஜெபமும் கணக்குப் புத்தகமும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்று கற்று வந்தவர் அவர். கணக்கு மட்டும் அவருக்குக் கைவரவில்லை. கொடுத்த பணம் திரும்பவில்லை. கொடுத்து வைத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். முதுமையில் சிறைக்குப் போனார்.

தமக்கென்று அவர் ஒரு காசு சேர்க்கவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பணத்தைப் பறிகொடுத்த விதவைக்கு அதனால் என்ன ஆறுதல்? அவரைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அது குற்றம்தான். நல்ல எண்ணத்தோடு செய்த குற்றம், நஷ்டம் அடுத்தவருடையது.

இனி எனக்கு வியப்பான இடத்துக்கு வருகிறேன். சபைக்கே வெட்கமாகிப்போன மனிதர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அந்த இருட்டு வருஷங்களில்தான், 1779-ல், துணைவர் பிரெய்த்ஹௌப்டோடு சேர்ந்து செய்த தமிழ் - இங்கிலீஷ் அகராதி வந்தது. அடுத்த வருஷமே ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்தது, பஞ்சம் தொடர்ந்தது. 1786-ல் இங்கிலீஷ் - தமிழ் அகராதியும் வந்துவிட்டது. பேதுரு மறுதலித்துவிட்டு அழுததையும், பிறகு மந்தையை மேய்க்க அவனையே ஆண்டவர் ஏவினதையும் தமிழில் எழுதினவர் அவர். அந்தப் பக்கங்களை அவர் எப்படித் திரும்பப் படித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பெரிய மீட்சி ஒன்றும் நடக்கவில்லை. பழைய மதிப்புத் திரும்பவில்லை. 1788-ல் நாகப்பட்டினத்திலிருந்து கெரிக்கே என்ற இளையவர் வந்து பொறுப்பை ஏற்றார். நாற்பத்தாறு வருஷம் தாம் நடத்திய இடத்தைக் கிழவர் விட்டுக் கொடுத்தார். கீழ்ப்படிதல் என்று பிரசங்கத்தில் சொல்வது சுலபம். தம் நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதைப் பார்த்துக்கொண்டு அதே வேப்பேரியில் இருப்பது வேறு. 1791 ஜனவரியில் இறந்தார்.

அவருடைய வேதத்தைத் தமிழ் லுத்தரன் சபையார் பொன்னைப்போல் காத்தார்கள். 1871-ல் பவரின் புது மொழிபெயர்ப்பு வந்த பிறகும் விடவில்லை. பவர் கட்டியதும் பெரும்பாலும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான். அகராதியை விரித்துத் தரங்கம்பாடியில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். என் மேஜையில் ஒரு பிரதி இருக்கிறது, முதுகு கிழிந்து. மாமன் ஒரு தடவை வந்தபோது அதைப் புரட்டி, "இதுலே கடனுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்: வாங்கின பணம் என்றும் இருக்கிறது, செய்யவேண்டிய கடமை என்றும் இருக்கிறது. மாமன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைவீதி வழியாகவே நடந்து போனார்.