இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு (கொங்கு நாடு)

கோவை கொடிசியா வளாகம் போன்ற திறந்தவெளிகளில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு விற்கப்படும் அனுமதிச்சீட்டு. சினிமா, நாடகச் சீட்டில் வரிசையும் இருக்கை எண்ணும் இருக்கும். இதில் பெரும்பாலும் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பகுதிதான். பகுதிக்குள் முந்தி வந்தவருக்கே முன்னிடம். வாசலில் கியூஆர் கோடைக் காட்டினால் மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள். சீட்டின் வேலை அத்தோடு சரி.

சினிமாக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கச்சேரிக்கு அப்படி இல்லை, ஏற்பாட்டாளர் சொன்னதே விலை. ஜிஎஸ்டியில் சர்க்கஸ், நாடகம், கச்சேரி மூன்றுக்கும் நபருக்கு 500 ரூபாய் வரை விலக்கு உண்டு, அதற்கு மேல் 18 சதவீதம். நட்சத்திரக் கச்சேரியில் இந்த விலக்கு பெயரளவுக்குத்தான்.

சர்க்கஸைத் தவறவிட்டால் அடுத்த காட்சி இருக்கிறது. கச்சேரி ஒரே இரவு. 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் நடக்கவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. அன்று நெரிசலில் சீட்டு வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை, பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தது. இருக்கை எண் இல்லாத சீட்டின் பலவீனம் அங்கே வெளிப்பட்டது.

சபாக் கச்சேரிகளின் வழி வேறு: ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினருக்குத் தனிச்சீட்டு தேவையில்லை. கோயில் நோன்பியில் ஆடும் வள்ளி கும்மிக்கும், உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதைக்கும் சீட்டே கிடையாது. செலவு ஊர் வரியிலும் நன்கொடையிலும் அடங்கிவிடும்.