மௌனப் படத்து மல்லர்

சிலம்பமும் சீனடியும் கண்டு வளர்ந்த கல்முனை, சாய்ந்தமருது மக்களுக்கு உடல்வித்தையின் சுவையை விளக்க வேண்டியதில்லை. அதற்கு மொழி எதற்கு? ஊமைப்படக் காலத்துச் சென்னை இரசிகரை ஆண்டதும் அவ்வித்தையே. எடி போலோ என்னும் நடிகரின் தொடர்படங்களைப் பார்த்தோர், அடுத்த பகுதியில் வீரன் பிழைப்பானோ என்ற கவலையோடு வீடு திரும்பினர். திரையருகே ஒருவர் நின்று கதையைத் தமிழில் உரக்கச் சொல்லுவார்.

அம்மோகத்தினிடையே நம்மவர் ஒருவரும் எழுந்தார். புதுக்கோட்டையில் பிறந்த பி. கே. நாகலிங்கம், ஐரோப்பிய மல்லர் சாண்டோவின் பெயரைத் தாங்கி, ராஜா சாண்டோவாகப் பம்பாயில் புகழ்பெற்றார். தமிழர் என்பது அங்கே தடையாகவில்லை; படந்தான் பேசவில்லையே! பின்னர்ச் சென்னைக்கு வந்து, வை. மு. கோதைநாயகி அம்மாளின் 'அநாதைப் பெண்' நாவலை ஊமைப்படமாக இயக்கினார்.

1931 இல் 'ஆலம் ஆரா' பேசிற்று. பம்பாயின் பெருந்தாரகை சுலோசனா என்னும் ரூபி மையர்ஸ், இந்துஸ்தானி கற்பதற்காக ஓராண்டு ஒதுங்க நேர்ந்தது. சாண்டோவோ 'மேனகா'வை (1935) இயக்கிப் பேசும் படத்திலும் நிலைத்தார். ஆனால் அவர் இயக்கிய தமிழ் ஊமைப்படங்கள் நமக்குக் கிட்டவில்லை. தென்னாட்டு ஊமைப்படங்களுள் எஞ்சியதாகச் சொல்லப்படுவது 'மார்த்தாண்ட வர்மா' (1933). அதுவும் பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கிக் கிடந்தமையால் தப்பியது.