முகவரி உள்ள பயம்

1954 செப்டம்பர் 23 அன்று, கிளாஸ்கோ நகரின் கார்பல்ஸ் பகுதியில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் புகுந்தார்கள். நாலு வயதுக் குழந்தைகூட அந்தக் கூட்டத்தில் உண்டு. கைகளில் கத்தியும் கூராகச் சீவிய குச்சியும். ஏழடி உயரமும் இரும்புப் பல்லும் கொண்ட ரத்தக்காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைத் தின்றுவிட்டு அங்கே பதுங்கியிருக்கிறது என்று பேச்சு. அப்படி எந்தப் பையனும் காணாமல் போகவில்லை. தோட்டத்தின் பின்புறம் இருந்த இரும்பாலையின் செந்நிற வெளிச்சமும் புகையும் வதந்திக்குத் தோதாக அமைந்தன. பழி அமெரிக்கப் பேய்க் காமிக்ஸின்மேல் விழுந்தது. அப்போதே சூடாக இருந்த எதிர்ப்புக்கு அது இன்னும் தூபம் போட்டது. மறு ஆண்டே, சிறுவருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது. ஆனால் இரும்புப்பல் காமிக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. இரும்புப் பற்கள் கொண்ட மிருகம் பைபிளின் தானியேல் புத்தகத்தில் இருக்கிறது; இரும்புப்பல் கிழவி ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டில் இருக்கிறாள்.

அன்று பெரியவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. பிள்ளைகள் பயந்து ஓடவில்லை, வேட்டைக்குப் போனார்கள். பயம் அவர்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது, அதைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் இருந்தது. இளையோருக்கான அமானுஷ்ய சாகச நாவலின் ஈர்ப்பு இந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்பேன். அந்தச் சட்டம் பெரும்பாலும் படங்களால் கதை சொல்லும் வெளியீடுகளைக் குறிவைத்தது, அதனால் நாவல் தப்பியது. 1960இல் ஆலன் கார்னர் எழுதிய ‘தி வியர்ட்ஸ்டோன் ஆஃப் பிரிசிங்கமன்’ வெளியானது. கதை நடக்கும் ஆல்டர்லி எட்ஜ், செஷயரில் இன்றும் ஏறிப் பார்க்கக்கூடிய மேடு. வெண்கலக் காலத்திலேயே செம்பு தோண்டிய இடம். குன்றுக்கு அடியில் குதிரைகளோடு வீரர்கள் உறங்குகிறார்கள், ஒரு குதிரை குறைந்ததால் மாயாவி ஒருவன் மாபர்லி ஊர்க் குடியானவனின் வெள்ளைக் குதிரையை விலைக்கு வாங்கினான் என்பது அந்த ஊர்க் கதை. கார்னரின் குடும்பம் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தது. கதையை அவர் தேடிப் போகவில்லை. வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார். அந்த நாவலில் காலின், சூசன் என்ற இரு பிள்ளைகள் பழைய சுரங்கத்தின் இடுக்கில் ஊர்ந்து போகும் பகுதி எந்தப் பூதத்தையும்விட மூச்சை அடைக்கிறது. மண்ணும் பாறையும் நிஜம் என்பதே காரணம்.

நார்னியா என்ற கற்பனை உலகத்துக்கு எந்த வரைபடத்தில் இடம் இருக்கிறது, அது ஈர்க்கவில்லையா என்று கேட்கலாம். ஈர்த்தது. ஆனால் 1950இல் சி. எஸ். லூயிஸ் அந்த உலகத்துக்கு வாசல் வைத்தது ஒரு வீட்டு உடுப்பு அலமாரியில். அலமாரி இல்லாத நார்னியா வெறும் தேவதைக் கதையாக நின்றிருக்கும். செஷயரைக் கண்ணால் பாராத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. அந்தக் குறிப்பிட்ட மேட்டை அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். எழுதியவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும் என்ற உறுதி வாக்கியத்தில் இருந்தால் போதும். வாசிக்கும் பிள்ளை தன் ஊர்ப் பாழுங்கிணற்றை அங்கே வைத்துக்கொள்ளும்.

இந்த வகை நாவலெல்லாம் போர்க்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையின் பதற்றம் மட்டுமே என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை: கார்னர் 1934இல் பிறந்தவர், இன்னொரு எழுத்தாளரான சூசன் கூப்பர் 1935இல். கூப்பர் அமெரிக்காவில் குடியேறிய பின்தான், தான் வளர்ந்த பக்கிங்ஹாம்ஷயர்ப் பகுதியைப் பனியால் மூடி, பதினோரு வயது வில் ஸ்டான்டனிடம் இருளை எதிர்க்கும் வேலையை ஒப்படைத்து, ‘தி டார்க் இஸ் ரைசிங்’ எழுதினார் (1973). ஆனால் குண்டுவீச்சையே அறியாத தலைமுறைகளும் அதை விரும்பிப் படித்தன. போர் அந்த எழுத்தாளர்களைக் கூர்மைப்படுத்தியிருக்கலாம். வாசகனின் பசிக்குப் போர் தேவைப்படவில்லை. கார்னரே தன் முதல் நாவலைப் பின்னாளில் மட்டமாகத்தான் மதித்தார். ஆனாலும் 2012இல், ‘போன்லேண்ட்’ நாவலில் காலினிடம் திரும்பினார். இது பெரியவர்களுக்கான புத்தகம். காலின் இப்போது ஜாட்ரல் பேங்க் தொலைநோக்கி நிலையத்தில் விஞ்ஞானி. பதின்மூன்று வயதுக்கு முன் நடந்த எதுவும் அவனுக்கு நினைவில்லை.