நம்பிக்கையில் பிறந்து ஏழைப் பெண்களுக்குக் கூலி தந்த தொழில்கள்: நாகர்கோவில் லேஸ் முதல் லிஜ்ஜத் அப்பளம் வரை

ஜித்ரா - தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கெடாவின் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டைக்கு ஆர்டர் வரத் தொடங்கிவிடும். அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் தனித்து வாழும் தாய்மார்களும், சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போக முடியாதவர்களும் உண்டு. பண்டிகை முடிந்ததும் அந்த வருமானமும் நின்றுவிடும். இதை ஆண்டு முழுதும் ஓடும் தொழிலாக்கி, ஏழைப் பெண்களுக்கு நிலையான வேலை கொடுக்க ஆலயங்களும் சமய அமைப்புகளும் முன்வர வேண்டும் என்ற பேச்சு நம் சமூகத்தில் அவ்வப்போது எழுவதுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் அப்படி ஒரு தொழில் நடந்திருக்கிறது.

1819ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார், பறையர், புலையர் எனப் பல சாதியினர் ஊழியமும் வரியும் சுமந்த காலம். அடிமை முறை சட்டப்படியே நடந்த காலம். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். எழுத்தும் வாசிப்பும் வேதமும் சொல்லிக் கொடுத்தார். கூடவே தமக்குத் தெரிந்த ஒரு கைத்தொழிலையும் கற்றுக் கொடுத்தார். அதுதான் லேஸ் பின்னுதல்.

இது ஊசியால் தைக்கும் வேலையன்று. கெட்டியான தலையணை ஒன்றின் மேல் வடிவம் குத்திய தாளை விரித்து, அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறுசிறு மரக்குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். ஒரு சாண் நீளம் முடிக்கவே நாள் கணக்கில் ஆகும். கையும் கண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். நூலில் அழுக்குப் பட்டால் விலை போகாது. ஆனால் பெரிய முதல் தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை, வீட்டுத் திண்ணையே போதும். வாங்குவதற்கு இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்களும், கடல் கடந்து இங்கிலாந்தில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

லேஸ் விற்ற பணத்தில் பள்ளிச் செலவு நடந்தது. பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச ஆணை 1855இல்தான் வந்தது. அரசு கை கொடுப்பதற்கு முன்பே, நூலைச் சுற்றிய மரக்குச்சி கொடுத்துவிட்டது. இத்தொழில் பற்றிய விவரங்களிலெல்லாம் மறக்க முடியாதது இதுதான்.

அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டதற்காக 1820களிலும் மறுபடி 1858-59இலும் கலவரங்கள் நடந்தன. 1859 ஜூலையில் வந்த அரச அறிவிப்பு நாடார் பெண்கள் ரவிக்கை அணிய அனுமதி கொடுத்தது. கையில் சொந்தக் காசும், எழுத்தறிவும், உடுத்திக்கொள்ளும் உரிமையும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் வந்து சேர்ந்தன.

மார்த்தாவின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனார். பனையேறிகள் வாழ்ந்த தேரிக்காடு அது. அங்கும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். பதநீர்க் காலம் போனால் வருமானமில்லாத வீடுகளுக்கு அது பெரிய உதவி.

இவ்வளவும் நல்ல பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. நூல் கொடுப்பது, வடிவம் தேர்ந்தெடுப்பது, விலை வைப்பது, விற்பது எல்லாமே மிஷன் கையில்தான் இருந்தன. பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது செய்த வேலைக்கு அளந்து கொடுத்த கூலி. நடத்துபவர் நல்லவராக இருக்கும்வரை சரி. கை மாறினால் என்ன ஆகும்? அதற்கான பதில் ஆந்திராவின் கோதாவரிக் கரையில், நரசாபுரத்தில் இருக்கிறது. அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள்தான் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு வியாபாரம் வளர்ந்து, ஆண் தரகர்கள், ஏற்றுமதியாளர்கள் கைக்குப் போய்விட்டது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது: பெண்கள் வீட்டு வேலையோடு நாள்தோறும் மணிக்கணக்கில் பின்னுகிறார்கள், ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது’ என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள். தீபாவளிப் பலகாரத்துக்கும் இந்தப் பேச்சு இங்கே கேட்காத பேச்சா என்ன!

வேறு வழியில் போனது லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் சேர்ந்து அப்பளம் தேய்த்தார்கள். முதல், கடன் வாங்கிய 80 ரூபாய். கொடுத்தவர் சமூக ஊழியரான சகன்லால் பாரேக். முதல் நாள் விற்றது நான்கு பாக்கெட். இன்று சுமார் 45,000 பெண்கள் அதில் உறுப்பினர்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

லிஜ்ஜத் எந்த ஒரு மதத்துக்கும் உரியதல்ல. சர்வோதயச் சிந்தனையில் வளர்ந்தது. தொழில், குடும்பம், பக்தி என்ற மூன்றும் சேர்ந்ததே தங்கள் நிறுவனம் என்கிறார்கள். வேலை செய்யும் இடத்தைக் கோயிலாகக் கருத வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அங்கு தானம் வாங்குவதில்லை. தொடக்கத்தில் தரத்தில் இரண்டு வகை அப்பளம் செய்தபோது, மட்டமானதை நிறுத்தச் சொன்னவர் பாரேக். கணக்கைச் சரியாக வைக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக இருந்தார்.

மையத்தில் பிசைந்த மாவைப் பெண்கள் காலையில் வாங்கிப் போய் வீட்டில் தேய்த்து, மறுநாள் அப்பளமாகக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. இதுவரை லேஸ் தொழில் மாதிரிதான். வித்தியாசம் இதற்கு மேல்தான்: உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமையாளர். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் எல்லாருக்கும் பங்கு. நிர்வாகக் குழுவிலும் அப்பளம் தேய்ப்பவர்களே.

மலேசியாவில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் இதுவே: பெண்கள் இங்கு ஊழியர்களா, பங்குதாரர்களா? ஊழியர்கள் என்றால், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் இது பொருந்தும். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தாலும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சொக்சோ, ஊழியர் சேமநிதிச் சந்தாவும் உண்டு. ‘சேவைதானே செய்கிறோம்’ என்ற சமாதானம் இங்கு எடுபடாது. பங்குதாரர்கள் என்றால் கூட்டுறவுக் கழகமாகப் பதிவது ஒரு வழி. அதற்கு 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் இருக்கிறது. எதுவானாலும் தொழிலின் கணக்கும் ஆலயக் கணக்கும் ஒரே புத்தகத்தில் இருக்கக் கூடாது. நிர்வாகம் மாறும்போது முதலில் தகராறு எழுவது அங்கேதான்.

தனியாகத் தொடங்கும் பெண், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவுத் தொழில் என்றால் உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. முதலுக்கு அமானா இக்தியார் மலேசியா இருக்கிறது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி 1987இல் தொடங்கிய அமைப்பு அது. இந்தியப் பெண்களுக்கென்றே அதன் வழியாக 2024இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் ‘பெண்’ திட்டம் வந்தது. கடன் வாங்குவது தனித்தனியாகத்தான். வாங்கிய பிறகு ஒரே சமையல்கூடம், ஒரே பாக்கெட், ஒரே பெயர் என்று சேர்ந்து நிற்பது அந்தப் பெண்களின் விருப்பம். அந்தச் சமையல்கூடத்துக்கு இடம் கொடுப்பது ஓர் ஆலய மண்டபத்தால் முடியாத காரியமல்ல. ஜித்ரா போன்ற சிறு நகரத்தில் கல்யாணம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் மண்டபம் எத்தனை என்பது ஊர்க்காரர்களுக்கே தெரியும்.