தண்டவாளத்தில் ஒரு கல்முகம்

1927 அக்டோபரில் நியூயார்க்கில் வெள்ளித்திரை பேசத் தொடங்கியதே, அந்த இரவுக்குப் போவோம் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். வழியில் ஒரு ரயில் நிற்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பஸ்டர் கீட்டன் நடித்த மௌனப் படம் ‘தி ஜெனரல்’. எத்தனை தடவை பார்த்தாலும் ஓரிடத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். பட்டாளத்தில் சேராத கோழை என்று காதலி ஒதுக்கிவிடுகிறாள். என்ஜின் டிரைவர் ஜானி, சக்கரங்களைக் கோத்து ஓடும் இரும்புத் தண்டின் மேல் போய் உட்காருகிறான். என்ஜின் நகர்கிறது. தண்டு அவனைத் தூக்குகிறது, இறக்குகிறது, மறுபடி தூக்குகிறது. துக்கத்தில் அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஷெட்டுக்குள் நுழையும்போதுதான் திடுக்கிடுகிறான். நீராவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால் சக்கரம் வழுக்கிச் சுழன்று ஆளையே வீசியிருக்கும். உட்கார்ந்திருப்பது கீட்டனேதான்.

இன்னொரு காட்சி. ஓடும் என்ஜினின் முகப்பில், மடியில் கனத்த சிலிப்பர் கட்டையோடு இருக்கிறான். எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை. கையிலிருப்பதை அதன் நுனியில் குறிபார்த்து எறிகிறான். இரண்டும் தெறித்து விலகுகின்றன. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்தச் சிரிப்பு இன்றுவரை பழசாகாததற்கு அந்தக் கனம்தான் காரணம் என்பேன். கட்டையும் நிஜம், ஆபத்தும் நிஜம்.

ஆரிகனில் காட்டேஜ் குரோவ் ஊருக்கருகே, 1926 ஜூலை 23 அன்று, எரியும் பாலத்தில் நிஜ ரயிலை ஏற்றி ஆற்றில் விழவைத்தார். அந்த ஒரு காட்சிக்குச் செலவு 42,000 டாலர் என்பார்கள். பொம்மை ரயிலை வைத்து ஒப்பேற்ற அவருக்கு மனமில்லை.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். படத்துக்கு மூலம் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நிஜச் சம்பவம்: 1862 ஏப்ரலில் ஜார்ஜியாவில் ‘ஜெனரல்’ என்ஜினைக் கடத்தியவர்கள் வடக்கின் ஆட்கள். தலைவர் ஆண்ட்ரூஸும் ஏழு பேரும் தூக்கில் உயிர்விட்டவர்கள். படத்தில் அவர்கள் வில்லன்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கின் டிரைவர் நாயகன். இது எனக்கு ஒப்பவே இல்லை.

படம் கையைக் கடித்தது. நியூயார்க் விமர்சகர்கள் பலர் உதறித் தள்ளினார்கள். 1928-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் கீட்டனை எம்.ஜி.எம்.முக்கு அனுப்பினார். ஷெங்க் அவருக்குச் சகலையும்கூட. போகாதே என்று சாப்ளின் தடுத்தும் பயனில்லை. அங்கே மேலதிகாரிகள் எழுதித் தந்ததை நடிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் என் வில்லன் அந்தச் சகலைதான்.

விழுந்த என்ஜின் ஆண்டுக்கணக்கில் அந்த ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் பழைய இரும்பாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

நியூயார்க் அரங்குக்கு அடுத்த வாரம் போவோம்.