படிக மண்டையோடும் ஒரு படத்தின் பழியும்

ஒரு நூலோ நாடகமோ திரைப்படமோ வெளிவந்த நாளில் உலகம் கூறும் தீர்ப்பு நெடுங்காலம் நிலைப்பதும் உண்டு. சில ஆண்டுகளில் மாறிவிடுவதும் உண்டு. மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றுவிட்ட கதை ஒன்றின் தொடர்ச்சி, பல ஆண்டுகள் கழித்து வெளிவருமாயின், அதன் நிலை இரங்கத்தக்கதே. முந்தியவை இளமையில் கண்டவை. அவற்றின் குறைகளை நினைவு மறைத்துவிடும். ஆகவே, புதிய படத்தைப் பழைய படங்களோடு ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு, அவற்றைப் பற்றிய இனிய நினைவோடு ஒப்பிடுவோரே பலர்.

2008ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அமெரிக்காவில் திரைக்கு வந்த ‘இந்தியானா ஜோன்சும் படிக மண்டையோட்டு இராச்சியமும்’ என்னும் படம் இத்தகைய தீர்ப்புக்கு ஆளானது. அதனை வரலாற்றுக் கண்கொண்டு மீண்டும் நோக்கினால், அதன்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் சில பொருந்தாதவை என்பதும், பெரும்பாலோர் பேசாத வேறொரு பழி அதற்கு உண்டு என்பதும் புலனாகும்.

தொடரின் தோற்றம்

கல்லூரியில் தொல்பொருளாராய்ச்சி கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், விடுமுறை வந்ததும் தொப்பியும் சாட்டையுமாகக் காடு மலை தேடிப் புறப்படுகிறார். இதுவே இத்தொடரின் அடிப்படைக் கற்பனை. இதனைக் கருக்கொண்டவர் ஜார்ஜ் லூக்காஸ்; இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்; பேராசிரியராக நடித்தவர் ஹாரிசன் போர்டு. 1930, 1940களில் அமெரிக்கக் கொட்டகைகளில் வாரந்தோறும் காட்டப்பட்ட தொடர்படங்களே இதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு வாரமும் கதைத்தலைவன் சாவின் வாயில் அகப்பட்டிருக்கும் நிலையில் படம் நின்றுவிடும். அவன் தப்பிய விதத்தை அறிய அடுத்த வாரமும் சிறுவர்கள் காசு கொடுத்து வருவார்கள்.

1981இல் வந்த முதற்படம் 1936ஆம் ஆண்டில் நிகழ்வது. யூதர்களின் உடன்படிக்கைப் பேழையை நாஜிகள் தேடுவது அதன் கதை. 1984இல் வந்த இரண்டாவது படம் 1935ஆம் ஆண்டு இந்தியாவில் நடப்பதாகப் புனையப்பட்டது. கதையில் மாற்றங்கள் வேண்டுமென்று இந்திய அரசு கேட்டதால், படப்பிடிப்பு இலங்கையில் கண்டிப் பகுதிக்கு மாற்றப்பட்டது. இந்தியரின் உணவையும் காளி வழிபாட்டையும் அருவருக்கத்தக்க முறையில் காட்டியதற்காக அப்படம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1989இல் வந்த மூன்றாவது படம் 1938இல் நிகழ்வது. அதில் பேராசிரியரின் தந்தையாக ஷான் கானரி நடித்தார். அதன் இறுதியில் நால்வர் குதிரையேறி மாலைக் கதிரவனை நோக்கிச் செல்கின்றனர். கதை முடிந்தது என்றே உலகம் எண்ணியது.

பத்தொன்பது ஆண்டுகள்

நான்காவது படம் எளிதில் பிறக்கவில்லை. 1950களின் பறக்கும் தட்டுப் படங்களைப் பின்பற்றிக் கதை அமைய வேண்டும் என்பது லூக்காசின் விருப்பம். 1996இல் விண்வெளிப் பகைவர் உலகைத் தாக்கும் ‘சுதந்திர தினம்’ என்னும் படம் பெருவெற்றி பெறவே, அத்திட்டம் ஒதுக்கிவைக்கப்பட்டது. பின்னர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவரான நைட் சியாமளனிடம் எழுதும் பணி சென்றது, அது கைகூடவில்லை. பிராங்க் டாரபாண்ட் எழுதிய கதையும் ஏற்கப்படவில்லை. இறுதியில் டேவிட் கெப் எழுதியதே படமாயிற்று. 2007இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹாரிசன் போர்டுக்கு 65 வயது நிறைந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கருத வேண்டும். மூன்றாம் படம் வந்தது 1989; நான்காம் படம் வந்தது 2008. இடைவெளி 19 ஆண்டுகள். மூன்றாம் படத்தின் கதை 1938இல் நிகழ்வது; நான்காம் படத்தின் கதை 1957இல் நிகழ்வது. அங்கும் இடைவெளி 19 ஆண்டுகளே. கொட்டகையில் அமர்ந்திருந்தவர் எத்தனை ஆண்டு மூத்தாரோ, அத்தனை ஆண்டு கதைத்தலைவரும் மூத்துவிட்டார். நரையை மறைத்து அவரை 1930களிலேயே நிறுத்திவைப்பது எளிதாக இருந்திருக்கும். படம் எடுத்தோர் அதனைச் செய்யவில்லை. முன்னைய படத்தில் மகனாக வந்தவர், இதில் தாம் அறியாமலே வளர்ந்துவிட்ட மகனுக்குத் தந்தையாகிறார். அவருடைய மேசைமீது இறந்துபோன தந்தையின் படமும் நண்பரின் படமும் இருக்கின்றன.

உலகம் கூறிய குற்றங்கள்

படம் உலகெங்கும் ஏறத்தாழ 79 கோடி டாலர் ஈட்டியது. ரோஜர் ஈபர்ட் போன்ற பெயர்பெற்ற திறனாய்வாளர்களும் அதனைப் பாராட்டினர். ஆயினும், நெடுநாள் காத்திருந்த அன்பர்களில் பலர் சினங்கொண்டனர். அணுகுண்டு வெடிக்கும் நேரத்தில் பேராசிரியர் குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்து உயிர்தப்பும் காட்சி நகைப்புக்கு இடமாயிற்று. நல்ல தொடர் ஒன்று நம்பமுடியாத எல்லைக்குப் போய்விட்டதைக் குறிக்கும் மரபுத்தொடராகவே அக்காட்சி அமெரிக்கரிடையே வழங்கலாயிற்று. மிக மட்டமான தொடர்ச்சிப் படத்துக்குக் கேலியாக வழங்கப்படும் பரிசும் அதற்குக் கிடைத்தது. சோவியத் உளவாளிகளைக் கொடியவராகக் காட்டியதற்காகச் சென் பீட்டர்ஸ்பர்க் நகரப் பொதுவுடைமைக் கட்சியினர் சிலர் அதனைத் தடைசெய்யக் கோரினர். எல்லாவற்றுக்கும் மேலாக, பழம்பொருள் தேடும் கதையில் வேற்றுலகத்தார்க்கு என்ன வேலை என்பதே பலருடைய கேள்வி.

இக்கேள்விக்கு விடை 1957ஆம் ஆண்டிலேயே இருக்கிறது.

அச்சத்தின் காலம்

1930களின் அமெரிக்கத் தொடர்படங்கள் புதையலையும் மறைந்த நகரங்களையும் பேசின. 1950களின் மலிவுப் படங்களோ விண்ணிலிருந்து வருவோரையும், அணுக்கதிரால் பூதமாகப் பெருத்த எறும்புகளையும், அண்டைவீட்டாரின் உருவிலேயே புகுந்துகொள்ளும் அந்நியரையும் பேசின. 1953இல் ‘உலகங்களின் போர்’, 1956இல் ‘உடல் பறிப்போரின் படையெடுப்பு’ ஆகியவை வெளிவந்தன. அக்காலத்து அமெரிக்கர் எதற்கு அஞ்சினர் என்பதை அப்படங்கள் காட்டுகின்றன. 1947இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் அருகே வீழ்ந்த பொருளை, பறக்கும் தட்டு என்றே பலர் நம்பினர். அது சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கப் பறக்கவிடப்பட்ட மறைவான பலூன் என அமெரிக்க விமானப்படை 1994இல் அறிவித்தது. ஆகவே, 1957இல் நிகழும் சாகசக் கதைக்கு வேற்றுலகத்தார் வந்துசேர்வது பொருந்தாத ஒட்டு ஆகாது. பேழை எவ்வாறு 1930களின் தொடர்படத்துக்கு உரியதோ, அவ்வாறே பறக்கும் தட்டு 1950களின் படத்துக்கு உரியது.

நகைப்புக்கு இடமான அக்குளிர்சாதனப் பெட்டிக்கு முன்வரும் சில நிமிடங்களைப் பலர் மறந்துவிட்டனர். பாலைவனத்தில் வழிதவறிய பேராசிரியர் அழகிய சிற்றூர் ஒன்றை அடைகிறார். வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது, மேசையில் உணவு இருக்கிறது, மனிதர்கள்மட்டும் அசைவதில்லை. அனைவரும் பொம்மைகள்! இஃது எழுத்தாளரின் வெறுங்கற்பனையன்று. 1953 மார்ச் 17இல் நெவாடாவில் நடந்த அணுகுண்டுச் சோதனைக்காக, வெடிக்கும் கோபுரத்திலிருந்து 3,500 அடியிலும் 7,500 அடியிலுமாக இரண்டு மரவீடுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஆடை உடுத்திய ஆண், பெண், குழந்தைப் பொம்மைகள் வைக்கப்பட்டன. அருகிலிருந்த வீடு இரண்டரை நொடிக்குள் தூள்தூளாயிற்று. 1955 மே 5இல் இன்னும் பல வீடுகளோடும் உணவுப் பண்டங்களோடும் அச்சோதனை மீண்டும் நடந்தது. 1957இல் மட்டும் மே முதல் அக்டோபர் வரை 29 வெடிப்புகள் அங்கே நிகழ்ந்தன. குண்டுக்குமுன் தொப்பியும் சாட்டையும் என்ன செய்யும்? பேராசிரியர் வெளிவந்து, எழுகின்ற தீக்காளானை அண்ணாந்து பார்த்து நிற்கும் காட்சி, முந்திய மூன்று படங்களிலும் காணாத ஆழம் உடையது.

அடுத்த காட்சி அதனினும் கூரியது. போரில் நாட்டுக்காகப் பணியாற்றியவரையே, நண்பன் ஒருவன் துரோகியானதால், அரசின் புலனாய்வாளர் ஐயுறுகின்றனர். கல்லூரி அவரை விலக்கிவைக்கிறது; அதனை ஏற்காத தலைவர் பதவி துறக்கிறார். இதுவும் நடந்த வரலாற்றின் நிழலே. விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த ஆசிரியர் 31 பேரைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1950இல் நீக்கியது. ஆலிவுட்டின் எழுத்தாளர், இயக்குநர் பதின்மர் நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்கு விடையளிக்க மறுத்துச் சிறை சென்றனர். சோவியத் உளவாளிகளைக் கொடியவராகக் காட்டிய அதே படம், அவர்களுக்கு அஞ்சி அமெரிக்கா தன் ஆசிரியர்க்கு இழைத்த தீங்கையும் காட்டுகிறது. இந்நடுவுநிலைமையைப் பழித்தவர் எவரும் எடுத்துரைத்திலர்.

மண்டையோட்டின் கதை

இனிப் படத்தின் மெய்யான குறைக்கு வரலாம். கதையில் தேடப்படும் படிக மண்டையோடு முற்றிலும் கற்பனையன்று. அத்தகையவை பல உலகில் உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒன்றை 1897இல் நியூயார்க்கின் டிபனி வணிகரிடமிருந்து வாங்கியது. அது யூஜீன் போபான் என்னும் பிரெஞ்சுப் பழம்பொருள் வணிகரின் கைவழியாக வந்தது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு 1992இல் பெயர் கூறாத ஒருவர் அஞ்சலில் ஒன்றை அனுப்பினார். இவ்விரண்டையும் நுண்ணோக்காடியால் ஆராய்ந்த அறிஞர், சுழல் சக்கரக் கருவியின் தடங்களைக் கண்டனர். பண்டை மெக்சிகோ மக்களிடம் அக்கருவி இருந்ததில்லை. ஸ்மித்சோனியன் மண்டையோட்டிலோ தற்காலத் தேய்ப்புப் பொருளின் எச்சமே இருந்தது. இரண்டும் பிற்காலப் போலிகள் என்னும் ஆராய்ச்சிக் கட்டுரை, வியப்புக்குரிய வகையில், படம் வெளிவந்த அதே 2008இல் வெளிவந்தது.

படத்தின் உரையாடலில் பெயர் வருகின்ற மிச்செல் ஹெட்ஜஸ் மண்டையோட்டின் கதையும் இதுவே. அது 1924இல் பிரிட்டிஷ் ஹாண்டூராசின் லுபாந்தூன் இடிபாடுகளில் கிடைத்ததாகக் கூறப்பட்டது. அதனை மிச்செல் ஹெட்ஜஸ் லண்டன் வணிகர் ஒருவரிடமிருந்து 1943, 1944 அளவில் விலைக்கு வாங்கினார் என்பதே ஆவணங்கள் காட்டும் உண்மை.

போலிப் பொருள் ஒன்றைச் சுற்றிச் சாகசக் கதை புனைவது குற்றமாகாது, பேழையும் புனைவே. குற்றம் வேறு. படத்தில் பெருநாட்டுக் காட்டுக்குள் மறைந்துள்ள நகரத்தாருக்கு வேளாண்மையும் நீர்ப்பாசனமும் கற்பித்தவர் வேற்றுலகத்தார் என்று கதை கூறுகிறது. 1968இல் எரிக் பான் டானிக்கன் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவிய எண்ணம் இது. பண்டை மக்கள் கட்டியவை வியப்பாக இருந்தால், அவற்றை அவர்கள் கட்டியிருக்க முடியாது என்பதே இவ்வெண்ணத்தின் உட்பொருள். நாஸ்கா சமவெளியின் பேருருவங்கள், மேற்பரப்பின் கருங்கற்களை அகற்றி அடியிலுள்ள வெளிறிய மண்ணைக் காட்டி, அந்நிலத்து மக்களே தம் கையால் வரைந்தவை. அவ்வுழைப்பின் புகழைப் பறித்து விண்ணவர்க்கு அளிப்பது, மண்ணைத் தோண்டி மறைந்த மக்களின் பெருமையை வெளிக்கொணரும் தொல்பொருளாசிரியர்க்கு அழகன்று. மேலும், மெக்சிகோ, குவாதமாலா நிலங்களின் மாயர் எழுத்தையும் கட்டடத்தையும், நெடுந்தொலைவிலுள்ள பெருநாட்டில் கொண்டுபோய் வைத்ததும் இதே அலட்சியத்தின் விளைவே. இரண்டாம் படம் இந்தியாவுக்குச் செய்ததை நான்காம் படம் தென்னமெரிக்காவுக்குச் செய்தது. கேலி பேசிய கூட்டத்தில் இதனை உரக்கக் கூறியவர் சிலரே; பெருநாட்டு அறிஞர் அவர்களுள் முற்பட்டவர்.

மற்றொரு குறை கலை பற்றியது. முதற்படத்தில் ஓடும் லாரியின் அடியில் மனிதன் ஒருவன் உண்மையாகவே இழுத்துச் செல்லப்பட்டான்; காண்போர் மூச்சை அடக்கிக்கொண்டனர். நான்காம் படத்தின் காட்டுவழித் துரத்தலில் பெரும்பகுதி கணிப்பொறி வரைந்தது. மகன் குரங்குகளோடு கொடியில் தாவும்போது விழுந்துவிடுவானோ என்று எவரும் அஞ்சுவதில்லை. ஆயின், கல்லூரித் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் நிகழும் துரத்தலைப் பார்ப்பவர், பழைய கைத்திறன் முற்றும் மறைந்துவிடவில்லை என்பதையும் காண்பர்.

காலத்தின் அளவுகோல்

2023இல் ஜேம்ஸ் மாங்கோல்டு இயக்கிய ஐந்தாவது படம் வந்தது. அதில் கதைத்தலைவர் 1969ஆம் ஆண்டில் தனியராக வாழ்கிறார். மகன் வியட்நாம் போரில் மாண்டுவிட்டான். அப்படம் ஈட்டியது ஏறத்தாழ 38 கோடி டாலர். நான்காம் படத்தின் வருவாயில் பாதியளவே. அதனைக் கண்டபின், நான்காம் படத்தின் இறுதிக் காட்சி வேறு பொருள் பெறுகிறது. திருமணம் முடிகிறது, காற்றில் உருண்டு வந்த தொப்பியை மகன் எடுத்துத் தலையில் வைக்கப்போகிறான், தந்தை அதனைப் பறித்துக்கொள்கிறார். அன்று வேடிக்கையாகத் தோன்றிய அச்செயல், இன்று காண்போர்க்கு மகனின் முடிவையும் நினைவூட்டுகிறது.

ஆகவே, இப்படத்தை முழுதும் புகழ்வதும் முழுதும் இகழ்வதும் நடுவுநிலைமை ஆகா. அதன் முற்பகுதி, அச்சமும் ஐயமும் ஆட்சி செய்த ஒரு காலத்தை உள்ளவாறு காட்டியதால் பாராட்டுக்கு உரியது. பிற்பகுதி, பண்டை மக்களின் உழைப்பை அவர்களிடமிருந்து பறித்ததால் கண்டனத்துக்கு உரியது. குளிர்சாதனப் பெட்டியை நகைத்துவிட்டு நாஸ்கா மக்களை மறந்துபோன தீர்ப்பே மறுபடியும் எழுதப்பட வேண்டியது.