எண்ணுதலும் எண்ணமும்

‘அரித்மெட்டிக்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எண்கணிதம் என்கிறோம். ஆக்கம் பிழையன்று. ஆயினும் அச்சொல் கிரேக்க மண்ணில் தோன்றியபோது, இன்று பள்ளிப் பிள்ளைகள் செய்யும் கூட்டல் கழித்தலை அது குறிக்கவில்லை. ‘அரித்மோஸ்’ என்பது எண். ‘அரித்மெட்டிக்கே’ என்பது ஒற்றை, இரட்டை, பகா எண் முதலாக எண்களின் இயல்பை ஆராயும் கலை. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ் இக்கலைக்கு ஓர் அறிமுக நூலே இயற்றினார். சந்தையிலும் களஞ்சியத்திலும் பயன்பட்ட கணக்கிடும் திறனுக்கு ‘லொகிஸ்திக்கே’ என வேறு பெயர் இருந்தது. பிளேட்டோவும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார். காலப்போக்கில் லொகிஸ்திக்கே வழக்கொழிய, அதன் வேலையையும் உயர்ந்த கலையின் பெயரே ஏற்றுக்கொண்டது.

இலத்தீன், பழம்பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தபோது அச்சொல் மேலும் திரிந்தது. கிரேக்கம் அறியாதோர் அதில் ‘ஆர்ஸ் மெட்ரிக்கா’, அதாவது அளவைக்கலை, என்னும் இலத்தீன் தொடரைக் கண்டனர். சாசரின் எழுத்திலும் ‘ஆர்ஸ்மெட்ரிக்’ என்ற வடிவமே உள்ளது. பிற்காலப் புலவர்கள் அதனைத் திருத்தினர். எனக்கோ திருத்தத்தைவிட அப்பிழையே சுவையானது.

லொகிஸ்திக்கே பிறந்த ‘லோகோஸ்’ என்னும் சொல்லுக்குக் கணக்கு என்றும் அறிவார்ந்த சிந்தனை என்றும் பொருளுண்டு. தமிழர்க்கு இது புதிதன்று. நம் ‘எண்’ என்னும் வேரில் எண்ணிக்கையும் எண்ணமும் ஒருங்கே பிறக்கின்றன. கன்னட ‘எணிசு’ இரு பொருளையும் தாங்குகிறது. தெலுங்கில் ‘என்னிக’ தேர்தலையே குறிக்கும் சொல்லாகிவிட்டது. நம் அண்டை மொழியான மலாயிலும் ‘கிரா’ என்பது கணக்கிடுதலையும் கருதுதலையும் குறிக்கிறது. உறவில்லா மொழிகளும் இங்கு ஒரே தடத்தில் நடந்துள்ளன.

‘கணக்கு’ என்பதன் மூலம் பற்றி வழக்குண்டு. வடமொழிச் சொல்லோடு இணைப்பாரும் தமிழே என்பாரும் உளர். எதுவாயினும் அது தமிழில் பெற்ற பொருள் வளம் பெரிது. பதினெண்கீழ்க்கணக்கில் அது நூலைக் குறிக்கிறது. கணக்காயர் என்றால் ஆசிரியர். அத்தகு சொல்லை நாட்டுப்புற வழக்கென ஒதுக்கி, பாட ஏட்டில் கணிதம் என்று மட்டுமே எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘எண்கணிதம்’ என்னும் ஆக்கமோ, பெயரெழுத்துக்கு எண்மதிப்பிட்டுப் பலன் சொல்வாரிடமும் சிக்கியுள்ளது. எண்களின் இயல்பை ஆராயும் துறைக்கு எண்ணியல் என்பதும், பள்ளிப் பிள்ளையின் கூட்டல் கழித்தலுக்குக் கணக்கு என்பதும் போதும். கிரேக்கர் கண்ட வேறுபாட்டை நாமும் காத்தவராவோம்.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. 2003 முதல் சில ஆண்டுகள் மலேசியப் பள்ளிகளில் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அன்று பயின்றோர் பலர் இன்று பெற்றோர். வாய்பாடு அவர்கள் நாவில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. நினைத்தல் என்னும் பொருளைப் பேச்சுவழக்கில் ‘யோசி’ முன்பே கைப்பற்றிவிட்டது. எண்ணிக்கைப் பொருளையும் ‘கவுண்ட் பண்ணு’ கவர்ந்துவருகிறது. அண்மையில் என் பேத்தியிடம், “நன்றாக எண்ணிப் பார்த்துச் சொல்லம்மா” என்றேன். அவள் விரல்களை விரித்து, “எதைத் தாத்தா எண்ணணும்?” என்று கேட்டாள்.